கேள்வி கேட்காத கேள்விச் சொற்கள்: 'வென்', 'வேர்', 'வொய்', 'ஹவ்' சார்பு வாக்கியத்தில் வரும்போது

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது என் வேலை. படிப்பை முடித்து வேலைக்கும் போய்க்கொண்டு, மாலையில் நோட்டோடு வந்து உட்காருகிறவர்கள் என் மாணவர்கள். அவர்கள் எழுதித் தரும் வாக்கியங்களைத் திருத்தும்போது என் பேனா அடிக்கடி நிற்பது பெரிய பெரிய சொற்களில் இல்லை. 'வென்', 'வேர்', 'வொய்', 'ஹவ்' என்ற நான்கு சின்னச் சொற்களில்தான் நிற்கிறது. தனியாகக் கேள்வி கேட்கச் சொன்னால் எல்லோரும் சரியாகக் கேட்கிறார்கள். 'வேர் இஸ் ஹி?' என்பதில் யாருக்கும் தடுமாற்றம் கிடையாது. அதே கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்காரும்போது 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்று ஆகிவிடுகிறது.

இதைக் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ் இலக்கணம் மனதில் ஆழமாகப் பதிந்திருப்பதால் வருகிற பிழை இது. அதனால் இதைத் தமிழைக் கொண்டே சரிசெய்யலாம். தமிழில் நாம் மூன்று வெவ்வேறு வடிவங்களில் சொல்லும் காரியங்களை ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துச் செய்கிறது. எந்த இடத்தில் எந்தக் காரியம் நடக்கிறது என்று பிரித்துக் காட்ட உங்கள் தமிழ்க் காது போதும். கீழே நான் சொல்லப்போகும் சோதனைகள் எல்லாமே அந்தக் காதை நம்பியவை.

'வென்' வரும் மூன்று வாக்கியங்களைப் பாருங்கள்.

'ஐ டோன்ட் நோ வென் ஷி வில் கம்.' அவள் எப்போது வருவாள் என்று எனக்குத் தெரியாது.

'ஐ ரிமெம்பர் த டே வென் ஷி கேம்.' அவள் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

'வென் ஷி கம்ஸ், ஐ வில் டெல் ஹெர்.' அவள் வரும்போது சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் மூன்றிலும் 'வென்' இருக்கிறது. தமிழில் 'எப்போது' என்ற சொல் முதல் வாக்கியத்தில் மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் 'வந்த' என்ற பெயரெச்சம் அந்த வேலையைச் செய்கிறது. மூன்றாவதில் 'வரும்போது'. ஆக, எழுத நினைக்கும் வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். எ-வில் (அல்லது 'ஏன்' போல ஏ-வில்) தொடங்கும் வினாச்சொல்லும், அதாவது எ-சொல்லும், அதன்பின் 'என்று' அல்லது 'என்பது' என்பதும் வந்தால் அது முதல் வகை. பெயரெச்சமும் அடுத்து ஒரு பெயர்ச்சொல்லும் வந்தால் இரண்டாம் வகை. 'போது', 'உடன்', 'வந்ததும்' மாதிரி காலம் காட்டும் வடிவம் வந்தால் மூன்றாம் வகை. எந்த வகை என்று தெரிந்துவிட்டால், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்பது தெளிவாகிவிடும்.

'எங்கே … என்று': முதல் வகை

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். தமிழில் 'என்று' தனக்கு முன்னால் வருவதை மாற்றாமல் ஏற்றுக்கொள்ளும். 'அவன் எங்கே இருக்கிறான்?' என்று நேரே கேட்டாலும், 'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை' என்று சொன்னாலும் அந்த மூன்று சொற்கள் இம்மியும் அசைவதில்லை. இந்தப் பழக்கத்தோடு வருகிறவர் 'வேர் இஸ் ஹி' என்ற முழுக் கேள்வியையும் தூக்கி 'ஐ டோன்ட் நோ'வுக்குப் பின்னால் வைத்துவிடுகிறார்.

ஆங்கிலத்தில் கேள்வி என்று காட்டுவதே சொல்வரிசைதான். 'இஸ்', 'வில்', 'கேன்' போன்ற துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவினால் 'உன்னைத்தான் கேட்கிறேன், பதில் சொல்' என்று பொருள். இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கி நிற்கும் சார்பு வாக்கியத்தில் யாரும் யாரையும் நேரே கேட்பதில்லை. அதனால் தாவிய துணைவினை தன் இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். 'வேர் இஸ் ஹி?' என்பது 'ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ்' ஆகும். 'வென் வில் த பஸ் கம்?' என்பது 'ஐ டோன்ட் நோ வென் த பஸ் வில் கம்' ஆகும்.

வினை கடைசியில் வருவது முதலில் அரைகுறையாகத் தோன்றும். 'வேர் ஹி இஸ்' என்று எழுதிவிட்டு இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதுபோல் பலர் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். 'அவன் எங்கே இருக்கிறான்' என்பதிலும் வினை கடைசியில்தான் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கடைசியில் நிற்கும் 'இஸ்'ஸைச் சுருக்கக் கூடாது. 'ஐ நோ வேர் ஹி இஸ்' என்று முழுதாகத்தான் சொல்ல வேண்டும். 'ஹிஸ்' என்று ஒட்டிச் சொல்லி வாக்கியத்தை முடிக்க ஆங்கிலம் இடம் தராது.

'டூ', 'டஸ்', 'டிட்' வரும் கேள்விகளில் இன்னொரு படி உண்டு. இவை கேள்விக்காக வந்து சேர்ந்த துணைவினைகள். கேள்வி போனதும் இவையும் போய்விடும். ஆனால் சுமந்துகொண்டிருந்த காலத்தை முதன்மை வினையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போகும். 'வேர் டஸ் ஹி லிவ்?' என்பதில் 'டஸ்'ஸில் இருந்த 'ஸ்' ஒலி 'லிவ்ஸ்'ஸுக்குத் திரும்புகிறது: 'ஐ நோ வேர் ஹி லிவ்ஸ்.' 'வொய் டிட் ஷி கோ?' என்பதில் 'டிட்' சுமந்த இறந்தகாலம் 'கோ'வை 'வென்ட்' ஆக்குகிறது: 'ஐ நோ வொய் ஷி வென்ட்.' 'டஸ்'ஸை மட்டும் எடுத்துவிட்டு 'வேர் ஹி லிவ்' என்று நிறுத்துகிறவர்கள் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

என் வகுப்பில் ஒரு செவிலியர் இருந்தார். நோயாளியிடம் 'வேர் டஸ் இட் ஹர்ட்?' என்று கேட்பது அவருக்கு இயல்பாகவே வரும். அதையே கொஞ்சம் மென்மையாகக் கேட்க வேண்டியபோது திணறினார். 'கேன் யூ ஷோ மீ வேர் இட் ஹர்ட்ஸ்?' என்ற ஒரே வாக்கியத்தை எழுதிக் கொடுத்து, அதை அச்சாக வைத்துக்கொண்டு மற்றவற்றை வார்க்கச் சொன்னேன். 'கேன் யூ டெல் மீ வென் இட் ஸ்டார்டட்?', 'கேன் யூ டெல் மீ ஹவ் யூ ஃபெல்?' என்று அவரே ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டு போனார். ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்கும் கேள்விகளில் பல இந்த அச்சில்தான் அமைகின்றன. அதனால்தான் இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன்.

ஒன்றையும் சொல்ல வேண்டும். அயர்லாந்து மக்களின் ஆங்கிலப் பேச்சிலும், இந்தியர்களின் ஆங்கிலப் பேச்சிலும் துணைவினை திரும்பிப் போகாமல் முன்னாலேயே நிற்பதைக் கேட்கலாம். பேச்சில் அது புரியாமல் போகாது. தேர்வுத்தாளிலும் வேலைக்கான கடிதத்திலும் அதைப் பிழையாகத்தான் கணக்கிடுவார்கள்.

'ஹவ்' சில சமயம் தனியாக வராது. 'ஹவ் ஓல்ட்', 'ஹவ் ஃபார்', 'ஹவ் லாங்', 'ஹவ் மெனி பாக்ஸஸ்' என்று பின்னால் வருவதையும் சேர்த்துக்கொண்டு ஒரே கட்டாக நகரும். கட்டைப் பிரிக்காதீர்கள். 'ஹவ் ஓல்ட் இஸ் ஹி?' என்பது 'ஐ நோ ஹவ் ஓல்ட் ஹி இஸ்' ஆகும். 'ஹவ் ஹி இஸ் ஓல்ட்' என்று சொன்னால் பொருளே நழுவிவிடும். இந்தக் கட்டே எழுவாயாக இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். 'ஹவ் மெனி பீப்பிள் கேம்?' என்ற கேள்வியில் துணைவினையே இல்லை. எனவே 'ஐ நோ ஹவ் மெனி பீப்பிள் கேம்' என்று அப்படியே வந்துவிடும்.

'என்று' என்றால் 'தட்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் 'ஐ டோன்ட் நோ தட் வேர் ஹி இஸ்' என்று எழுதுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் வினாச்சொல் வந்துவிட்டால் அதுவே இரு வாக்கியங்களையும் இணைத்துவிடும். 'தட்' தேவையில்லை. 'அவன் வருவான் என்று தெரியும்' என்பதில் எ-சொல் இல்லை, அதனால் 'தட்' வரலாம். 'அவன் எப்போது வருவான் என்று தெரியும்' என்பதில் எ-சொல் இருக்கிறது, அதனால் 'தட்' வராது.

'கேட்டான்' என்று கடந்த காலத்தில் சொல்லும்போது தமிழின் 'என்று' இன்னொரு வகையிலும் நம்மை ஏமாற்றும். '"நீ எங்கே போகிறாய்" என்று கேட்டான்' என்றால் தமிழில் அவன் சொன்ன சொற்களே அப்படியே நிற்கின்றன. ஆங்கிலத்தில் இப்போது பேசுகிறவரின் இடத்திலிருந்து எல்லாவற்றையும் மாற்றிச் சொல்ல வேண்டும். 'நீ' என்பது 'நான்' ஆகும். நிகழ்காலம் பெரும்பாலும் ஒரு படி பின்னே போகும். 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.' 'ஹி ஆஸ்க்ட் மீ வேர் யூ ஆர் கோயிங்' என்று எழுதினால், இப்போது கேட்டுக்கொண்டிருப்பவர் தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று நினைப்பார்.

இனி நான் மிகவும் விரும்பிச் சொல்லித் தரும் சோதனை. இந்த இரண்டைப் பாருங்கள்.

அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியுமா?

அவன் எங்கே இருக்கிறான் என்று நினைக்கிறீர்கள்?

முதல் வாக்கியம் 'ஆ'வில் முடிகிறது. 'தெரியும்', 'தெரியாது' என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் அது 'டூ யூ நோ வேர் ஹி இஸ்?' ஆகும். இரண்டாவதில் கடைசி 'ஆ' இல்லை. அதற்கு 'ஆமாம்' என்று பதில் சொல்ல முடியாது, ஒரு இடத்தைத்தான் சொல்ல வேண்டும். அப்படியென்றால் ஆங்கிலத்தில் வினாச்சொல் முழு வாக்கியத்தின் தலைக்கே போய்விடும்: 'வேர் டூ யூ திங்க் ஹி இஸ்?' 'டூ யூ திங்க் வேர் ஹி இஸ்?' என்பது ஆங்கிலம் ஆகாது. 'டூ யூ' பகுதி மட்டும் கேள்வி வரிசையில் இருக்கிறது, 'ஹி இஸ்' சாதாரண வரிசையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். கடைசி எழுத்தில் 'ஆ' இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் இந்த ஒரு பழக்கம் 'திங்க்', 'சே', 'பிலீவ்' வரும் கேள்விகள் எல்லாவற்றையும் தீர்த்துவிடும்.

கேள்விக்குறி போடுவதா வேண்டாமா என்பதை முதன்மை வாக்கியம்தான் முடிவு செய்யும். 'டூ யூ நோ' என்று தொடங்கினால் கேள்விக்குறி. 'ஐ வண்டர் வொய் ஹி லெஃப்ட்' என்பது உள்ளுக்குள் எவ்வளவு கேள்வியாக இருந்தாலும் முற்றுப்புள்ளியில்தான் முடியும்.

எழுவாயைச் சொல்லத் தேவையில்லாத இடத்தில் 'டு' சேர்த்துச் சுருக்கலாம்: 'ஐ டோன்ட் நோ வேர் டு கோ', 'டெல் மீ வென் டு ஸ்டாப்'. 'எனக்கு நீந்தத் தெரியும்' என்பதை 'ஐ நோ ஸ்விம்மிங்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். 'ஐ நோ ஹவ் டு ஸ்விம்' என்பதே சரி. 'நோ' என்ற வினைக்கும் ஒரு செயலுக்கும் நடுவே 'ஹவ்' வேண்டும். 'வொய் டு' மட்டும் இந்த வரிசையில் சரியாக ஒட்டாது. 'ஏன் போக வேண்டும் என்று தெரியவில்லை' என்பதை 'ஐ டோன்ட் நோ வொய் ஐ ஷுட் கோ' என்று முழுதாகவே சொல்லுங்கள்.

'வந்த நாள், வாழ்ந்த வீடு': இரண்டாம் வகை

பெயரெச்சம் தமிழின் மிக அழகான கருவிகளில் ஒன்று என்று நினைக்கிறேன். 'நான் வாழ்ந்த வீடு', 'நான் வாங்கிய வீடு', இரண்டும் ஒரே அமைப்பில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் முதலாவது 'த ஹவுஸ் வேர் ஐ லிவ்ட்', இரண்டாவது 'த ஹவுஸ் விச் ஐ பாட்' அல்லது 'த ஹவுஸ் தட் ஐ பாட்'. இடம் என்றாலே 'வேர்' என்று நினைத்து 'த ஹவுஸ் வேர் ஐ பாட்' என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

பெயரெச்சம் விழுங்கிய வேற்றுமை உருபை வெளியே எடுங்கள். வீட்டில் வாழ்ந்தேன், 'இல்' வருகிறது, எனவே 'வேர்'. வீட்டை வாங்கினேன், 'ஐ' வருகிறது, எனவே 'விச்' அல்லது 'தட்'. 'நான் பார்த்த ஊர்' என்றால் ஊரைப் பார்த்தேன், எனவே 'த டவுன் தட் ஐ விசிடட்'. 'நான் படித்த ஊர்' என்றால் ஊரில் படித்தேன், எனவே 'த டவுன் வேர் ஐ ஸ்டடீட்'. காலத்துக்கும் இதே சோதனைதான். 'நாங்கள் சந்தித்த நாள்' என்றால் அந்த நாளில் சந்தித்தோம், எனவே 'த டே வென் வீ மெட்'. 'நான் மறக்காத நாள்' என்றால் அந்த நாளை மறக்கவில்லை, எனவே 'வென்' வராது.

'இல்' ஏற்கெனவே 'வேர்'க்குள் அடங்கியிருப்பதால் பின்னால் 'இன்' போட வேண்டாம். 'த ஹவுஸ் வேர் ஐ லிவ் இன்' என்பதில் 'இல்' இரண்டு முறை வந்துவிடுகிறது. 'த ஹவுஸ் விச் ஐ லிவ் இன்' என்றால் சரி.

'ரீசன்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'வொய்' வரும்: 'த ரீசன் வொய் ஹி லெஃப்ட்'. 'வே' என்ற சொல்லுக்குப் பின்னால் மட்டும் 'ஹவ்' வராது. 'த வே ஹவ் ஹி ஸ்பீக்ஸ்' என்பது இன்றைய ஆங்கிலத்தில் பிழை. 'த வே ஹி ஸ்பீக்ஸ்' என்றோ 'ஹவ் ஹி ஸ்பீக்ஸ்' என்றோ ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 'த டே வீ மெட்', 'த ரீசன் ஹி லெஃப்ட்' என்று 'வென்'னையும் 'வொய்'யையும் விட்டுவிட்டும் சொல்லலாம். பேச்சில் அதுதான் அதிகம்.

சில நேரம் 'நாள்', 'இடம்' போன்ற பெயர்ச்சொல்லே ஆங்கிலத்தில் வராது. வினாச்சொல் அதையும் தனக்குள் எடுத்துக்கொள்ளும். 'திஸ் இஸ் வேர் ஐ சிட்' என்றால் 'நான் உட்காரும் இடம் இதுதான்'. இந்த அமைப்பு தமிழின் 'தான்' ஈற்றோடு பொருந்துவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. 'அதனால்தான் வந்தேன்' என்பது 'தட்ஸ் வொய் ஐ கேம்'. 'அப்படித்தான் கற்றுக்கொண்டேன்' என்பது 'தட்ஸ் ஹவ் ஐ லேர்ன்ட் இட்'. 'அங்கேதான் விழுந்தேன்' என்பது 'தட்ஸ் வேர் ஐ ஃபெல்'. 'அப்போதுதான் புரிந்தது' என்பது 'தட்ஸ் வென் ஐ அண்டர்ஸ்டுட்'. நான்கு சொற்களையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால் பேச்சு ஆங்கிலத்தில் ஒரு பெரிய பகுதி கைக்கு வந்துவிடும்.

'வரும்போது': மூன்றாம் வகை

இங்கே சொல்வரிசையில் யாரும் தவறுவதில்லை. காலத்தில்தான் தவறுகிறார்கள். 'அவள் வரும்போது சொல்கிறேன்' என்பதில் வருவது இனிமேல் நடக்கப் போகிறது. அதனால் 'வென் ஷி வில் கம்' என்று எழுதத் தோன்றும். 'வரும்போது' என்பதுபோலக் காலம் குறிக்கும் 'வென்' வாக்கியத்தில் 'வில்' வராது. நிகழ்கால வடிவமே எதிர்காலத்தைக் குறிக்கும்: 'வென் ஷி கம்ஸ், ஐ வில் டெல் ஹெர்.' ஒரு வேலையை முடித்த பிறகு என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'வென் ஐ ஹேவ் ஃபினிஷ்ட்' என்று வரும். முதல் வகையில் அந்தத் தடை இல்லை. 'ஐ டோன்ட் நோ வென் ஷி வில் கம்' என்பதில் 'வில்' தாராளமாக வரலாம்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 'டெல் மீ வென் ஹி வில் கம்' என்றால் 'அவன் எப்போது வருவான் என்று சொல்'. இப்போதே பதில் வேண்டும். 'டெல் மீ வென் ஹி கம்ஸ்' என்றால் பெரும்பாலும் 'அவன் வந்ததும் சொல்'. அவன் வரும்வரை நீங்கள் காத்திருக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருப்பது 'வில்' என்ற ஒரே சொல். அலுவலகத்தில் மேலதிகாரி இதில் ஒன்றைச் சொல்ல, நீங்கள் மற்றொன்றாகப் புரிந்துகொண்டால் ஒரு நாள் வேலையே கெட்டுவிடும்.

'ஆல்' ஈறு வரும்போதும் கொஞ்சம் நிதானியுங்கள். 'மழை வந்தால்' என்பது 'இஃப்'. வரலாம், வராமலும் போகலாம். ஆனால் 'விடிந்தால் தெரிந்துவிடும்' என்கிறோம். விடியாமல் இருக்கப் போவதில்லையே! நிச்சயம் நடக்கும் காரியத்துக்கு ஆங்கிலத்தில் 'வென்'தான் வர வேண்டும்.

சார்பு வாக்கியம் முன்னால் வந்தால் அதன் முடிவில் காற்புள்ளி இடுங்கள். பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். எழுவாயை விட்டுவிட்டுச் சுருக்கும்போது மட்டும் கவனம். 'சாலையைக் கடக்கும்போது பேருந்து மோதியது' என்பது தமிழில் சங்கடமில்லாத வாக்கியம். கடந்தது மனிதர்தான் என்று யாருக்கும் தெரியும். 'வென் கிராசிங் த ரோட், த பஸ் ஹிட் ஹிம்' என்றால் இலக்கணப்படி கடந்தது பேருந்து. 'வென் ஹி வாஸ் கிராசிங் த ரோட்' என்று எழுவாயைப் போட்டு எழுதிவிடுங்கள்.

எ-சொல் இருந்தும் 'என்று' இல்லாமல் 'ஆலும்' என்று முடிகிற வாக்கியங்கள் தமிழில் உண்டு. 'நீங்கள் எங்கே போனாலும்', 'எவ்வளவு முயன்றாலும்' போன்றவை. அங்கே ஆங்கில வினாச்சொல்லின் பின்னால் 'எவர்' ஒட்டிக்கொள்ளும்: 'வேரெவர் யூ கோ', 'ஹவெவர் ஹார்ட் யூ ட்ரை'. 'வரும்போதெல்லாம்' என்பதற்கு 'வெனெவர்'. 'ஹவெவர்' பின்னால் வரும் 'ஹார்ட்' என்ற சொல்லையும் கட்டாகக் கூட்டிக்கொண்டு போவதைப் பாருங்கள். 'ஆனாலும்' என்ற பொருளில் வரும் 'ஹவெவர்' வேறு வேலை செய்வது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

'வொய்' மட்டும் தனி

இந்த மூன்றாம் வகை வேலையை 'வொய்' செய்யாது. காரணத்தைக் கேட்க 'வொய்', காரணத்தைச் சொல்ல 'பிகாஸ்'. தமிழில் 'ஏனென்றால்' என்று காரணம் சொல்லத் தொடங்குகிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே 'ஏன்' இருக்கிறது. அந்த 'ஏன்'தான் 'வொய் பிகாஸ்' என்று ஆங்கிலத்துக்குள் நுழைந்து, நம் பேச்சில் வேர்விட்டிருக்கிறது. 'ஐ டிட் நாட் கம், வொய் பிகாஸ் ஐ வாஸ் சிக்' என்பதில் 'வொய்'யை எடுத்துவிட்டால் வாக்கியம் சரியாகிவிடும். இதில் தயவுதாட்சண்யம் வேண்டாம். பேசும்போது நாக்கு நுனியில் 'வொய்' வந்தால் ஒரு மூச்சு நிறுத்தி, 'பிகாஸ்' என்று தொடங்குங்கள்.

'தட்ஸ் வொய்'யும் 'தட்ஸ் பிகாஸ்'ஸும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. 'ஐ வாஸ் சிக். தட்ஸ் வொய் ஐ டிட் நாட் கம்' என்றால் காரணம் முதலில், விளைவு அடுத்து. 'ஐ டிட் நாட் கம். தட்ஸ் பிகாஸ் ஐ வாஸ் சிக்' என்றால் விளைவு முதலில், காரணம் அடுத்து.

பழைய ஆங்கிலத்தில் 'வொய்' என்பது 'வாட்' என்ற சொல்லின் வேற்றுமை வடிவம். நம் 'எது'வோடு 'ஆல்' சேர்ந்து 'எதனால்' ஆவதுபோல. 'வென்', 'வேர்' ஆகியவற்றுக்கு 'தென்', 'தேர்' என்ற சுட்டு இணைகள் இருப்பது 'எப்போது, அப்போது', 'எங்கே, அங்கே' என்ற நம் வரிசையை நினைவூட்டும். உறவே இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இதைச் சொன்னதும் என் வகுப்பில் பலருக்கு இந்தச் சொற்கள் மீது இருந்த பயம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

கையில் எடுத்துச் செய்து பார்க்க

கீழே உள்ள வாக்கியங்களை முதலில் நீங்களே மாற்றி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எ-சொல், 'என்று', பெயரெச்சம், 'போது' எங்கே இருக்கின்றன என்று அடிக்கோடு போட்ட பிறகு எழுதுங்கள். என் விடையை அதற்குப் பின் பாருங்கள்.

மழை எப்போது நிற்கும் என்று தெரியவில்லை, நின்றதும் கிளம்பலாம்.

நான் வேலை பார்த்த ஊரை அவள் பார்த்ததில்லை.

அவர் ஏன் கோபமாக இருக்கிறார் என்று நினைக்கிறீர்கள்?

எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டாள்.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து மருத்துவர் முடிவு செய்வார்.

முதலாவது: 'ஐ டோன்ட் நோ வென் த ரெய்ன் வில் ஸ்டாப். வென் இட் ஸ்டாப்ஸ், வீ கேன் லீவ்.' ஒரே 'வென்', முதலில் 'வில்'லோடு, பிறகு 'வில்' இல்லாமல். இரண்டாவது: 'ஷி ஹேஸ் நெவர் சீன் த டவுன் வேர் ஐ வொர்க்ட்.' ஊரில் வேலை பார்த்தேன், ஆகவே 'வேர்'. ஊரைப் பார்ப்பது முதன்மை வாக்கியத்தின் வேலை, அது 'வேர்'ஐ மாற்றாது. மூன்றாவது: 'வொய் டூ யூ திங்க் ஹி இஸ் ஆங்க்ரி?' கடைசியில் 'ஆ' இல்லை. நான்காவதில் நடப்பது யார் என்று தமிழ் சொல்லவில்லை. நடக்க வேண்டியது அவள் என்றால் 'ஷி ஆஸ்க்ட் மீ ஹவ் ஃபார் ஷி ஹேட் டு வாக்', எல்லோரும் என்றால் 'வீ ஹேட் டு வாக்'. 'ஹேட் டு' வரும்போது ஆங்கிலத்தில் எழுவாயைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது, ஆகவே எழுதும் முன் முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்தாவது: 'த டாக்டர் வில் டிசைட் டிபெண்டிங் ஆன் ஹவ் திஸ் மெடிசின் வொர்க்ஸ்.' 'டஸ்' போய், 'வொர்க்ஸ்' கடைசியில் 'ஸ்'ஸோடு நிற்கிறதா என்று உங்கள் நோட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.